கழிவுப் பட்டு: கூட்டில் மிஞ்சியது நூலான வரலாறு

பட்டுக்கூட்டிலிருந்து அறுபடாமல் உருவி எடுக்கக்கூடிய இழை கூட்டின் ஒரு பகுதி மட்டுமே. முசுக்கட்டை இலை தின்று முற்றிய புழு, கூடு கட்டுமுன், அதற்கென வைத்த சந்திரிகைத் தட்டில் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள ஒழுங்கில்லாத ஒரு வலையைப் பரப்புகிறது. பிறகு அதன் நடுவில் இருந்தபடி தலையை எட்டு எட்டாக ஆட்டி ஒரே இழையால் கூட்டின் ஓட்டைக் கட்டுகிறது. நல்ல ரகக் கூட்டில் அந்த இழை 1,000 மீட்டருக்கும் மேல் நீளும். கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கும்போது மேலே உள்ள வலைப்பஞ்சு முதலில் கழிகிறது. இழையின் முனை அகப்படும் வரை தூரிகையில் சுற்றிக்கொண்டு வருவதும் கழிவு. கடைசியில் புழுவை ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் இழுத்தால் தாங்காது, அதையும் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். நல்ல இயந்திரத்திலும் ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப் போகிறது. பழைய கைச் சர்க்காவில் இன்னும் அதிகம்.

நூலெடுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கே போகாத கூடுகளும் உண்டு. முட்டைக்காக விடப்பட்ட கூட்டை அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்துவிட்டால், அந்தத் துளை வழியாக வெந்நீர் புகுந்து கூடு தொட்டியின் அடியில் போய் உட்காரும், இழையும் துளையருகே அறுந்து அறுந்து வரும். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக்கூட்டில் இரண்டு இழைகளும் பின்னிக் கிடக்கும். உள்ளே புழு செத்துக் கறை படிந்த கூடு, எலி கடித்த கூடு, வண்டு அரித்த கூடு என்று பட்டியல் நீளும். ஆனால் பொருளைப் பார்த்தால் இவை எல்லாம் முதல்தரப் பட்டுதான். ஃபைப்ராயின் என்ற அதே புரதம், அதன்மேல் செரிசின் என்ற அதே பசை. இழந்தது தொடர்ச்சி ஒன்றைத்தான். ஆகவே பஞ்சை நூற்பதுபோல இதைச் சிக்கெடுத்து, சீவி, முறுக்கி நூலாக்க வேண்டும். அதற்குக் கையும், கதிரும், பின்னாளில் இயந்திரச் சீப்பும் எங்கே இருந்தனவோ அங்கேயே இந்தத் தொழிலின் லாபமும் போய்ச் சேர்ந்தது.

மிகப் பழைய பயன் நூல்கூட அல்ல, பஞ்சு. சீனத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பருத்தி பரவும் வரை குளிர்காலத்து உடைக்குள் திணிக்க வசதியுள்ளவர்கள் பட்டுப் பஞ்சையும், ஏழைகள் சணல் போன்ற நாரையும் பயன்படுத்தினர். ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகரருகே மாவாங்துய் என்ற இடத்தில் 1972இல் அகழப்பட்ட கல்லறை ஒன்றில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இறந்த ஒரு பிரபுவின் மனைவியின் உடல் பட்டுத் துணிகள் சுற்றப்பட்ட நிலையில் கிடைத்தது. கூடவே இருந்த உடைகளில் பட்டுப் பஞ்சு திணித்த அங்கிகளும் உண்டு. நூலெடுக்க உதவாத கூடுகளைக் காரநீரில் வேகவைத்து, தண்ணீருக்குள்ளேயே விரலால் பிளந்து, புழுவை வெளியே தள்ளி, மூங்கில் வில்லின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துப் போர்த்தினால் தொப்பி வடிவில் பஞ்சு கிடைக்கும். செஜியாங் பகுதியில் பட்டுப் பஞ்சு மெத்தைப் போர்வைகள் இன்றும் இதே வழியில் உருவாகின்றன.

ஜப்பானில் இதே பஞ்சு நூலாக மாறியது. இபராகி, தொச்சிகி மாவட்டங்களில் நெய்யப்படும் யூகி-சுமுகி என்ற துணி, கூட்டுப் பஞ்சிலிருந்து கையால் இழுத்த நூலால் ஆனது. பல கூடுகளை விரித்துச் செய்த பை போன்ற பஞ்சை ஒரு தண்டின் முனையில் மாட்டி, பெண்கள் அதிலிருந்து இழைகளை இழுத்து, விரலில் எச்சில் தொட்டு ஒட்டவைத்துக்கொண்டே போவார்கள். நூலுக்கு முறுக்கே கிடையாது, எச்சிலின் ஈரமும் விரலின் அழுத்தமும்தான் பிடிமானம். அதனால் துணி லேசாகவும் கதகதப்பாகவும் இருக்கும், பளபளப்பு மட்டும் அடங்கியிருக்கும். எடோ காலத்து அரசு சாதாரண மக்களுக்குப் பட்டாடையைத் தடைசெய்தபோது, பார்வைக்குப் பருத்திபோல் தெரியும் இந்தச் சுமுகி தப்பித்துக்கொண்டது. வியாபாரிகள் இதை விரும்பி உடுத்தியதற்கு அந்த வசதியும் ஒரு காரணம். விவசாயிகள் விற்க முடியாத கூட்டிலிருந்து பிறந்த துணி இன்று நல்ல கூடுகளையே கேட்கிறது. விலையும் சாதாரணப் பட்டைவிடப் பல மடங்கு. யுனெஸ்கோ 2010இல் இந்த நெசவு முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் வழக்கம் இன்னும் பலவகைப்பட்டது. வங்காளத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பகுதிகளில் பூச்சி வெளியேறிய முசுக்கட்டைப் பட்டுக்கூடுகளைக் கையால் நூற்று நெய்த துணிக்கு மட்கா என்று பெயர். புழு கொல்லப்படவில்லை என்பதால் ஆசாரம் பார்ப்பவர்களும் விதவைகளும் இதை உடுத்தினர். பீகாரின் பாகல்பூர், ஜார்க்கண்ட் பகுதிகளில் காட்டுப் பட்டான தசரின் துளைக்கூடுகளிலிருந்தும் தரம் குறைந்த கூடுகளிலிருந்தும் பெண்கள் இழைகளைச் சேர்த்து இழுத்துத் தொடையில் உருட்டி எடுக்கும் நூல் கீச்சா. நூலெடுத்தபின் மிஞ்சும் பஞ்சை நூற்பது கட்டியா. மேடும் பள்ளமுமான இந்த நூல்களின் சொரசொரப்பைத்தான் சென்னை ஜவுளிக்கடைகள் இன்று அழகென்று சொல்லி விற்கின்றன. அஸ்ஸாமின் எரிப் பட்டு ஒரு படி மேலே போகிறது. ஆமணக்கு இலை தின்னும் அந்தப் புழு கட்டும் கூட்டுக்கு இயல்பாகவே ஒரு முனை திறந்திருக்கும், ஆகவே அதில் தொடர்ச்சியான இழையே கிடையாது. அங்கே கூடு முழுவதும் நூற்பதற்கான பஞ்சுதான், புழுவோ உணவு. மற்ற இடங்களில் கழிவு என்று ஒதுக்கியதைக் கையாளும் கைப்பழக்கம் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கைநூற்பில் அக்கறை காட்டவில்லை. லண்டன் சந்தைக்கு ஏற்ற சீரான கச்சாப் பட்டுதான் அதற்கு வேண்டியிருந்தது. 1769இல் இத்தாலியின் பீட்மாண்ட் முறை தெரிந்த ஆட்களை வங்காளத்துக்கு அனுப்பி, காசிம்பஜார் முதலிய இடங்களில் கூட்டிலிருந்து இழை உருவும் நூற்பகங்களைக் கட்டியது. நூற்பகம் பெரிதானால் கழிவும் ஓரிடத்தில் குவியும். வங்காள நூற்பகங்களில் சாசம் என்று அழைக்கப்பட்ட அந்தக் குவியல் கப்பலின் மூலையை நிரப்பும் மலிவுச் சரக்காக இங்கிலாந்துக்குப் போனது. வாங்க ஆளில்லாமல் கிடங்கிலேயே கிடந்ததும் உண்டு.

ஐரோப்பாவுக்குக் கழிவுப் பட்டு புதிதல்ல. இத்தாலிய நகரங்களும் சுவிட்சர்லாந்தும் அதைக் கையால் சீவி நூற்று வந்தன. லண்டன் வியாபாரி எட்மண்ட் பிளட் என்பவர் 1671இலேயே கழிவுப் பட்டிலிருந்து உடைக்கான மயிர்ப்பரப்புத் துணி செய்ய ஒரு காப்புரிமை பெற்றார். பாசல் நகரம் இதில் முன்னணிக்கு வந்தது. அங்கே யோஹான் சீக்முண்ட் அலியோத் 1824இல் இயந்திர நூற்பாலை ஒன்றைத் தொடங்கி, 1830இல் அருகிலுள்ள ஆர்லெஸ்ஹைம் ஊருக்கு மாற்றினார். ஐரோப்பியக் கண்டத்தின் வழக்கம் ஷாப் எனப்படும் புளிக்கவைக்கும் முறை. கழிவை வெதுவெதுப்பான நீர்த் தொட்டிகளில் நாட்கணக்கில் அழுகவிடுவார்கள். பசையின் பெரும்பகுதி கரைந்துவிடும், கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மிச்சப் பசை இழைக்கு உறுதி தந்தது, வெல்வெட்டின் மயிர்ப்பரப்பு நிமிர்ந்து நிற்கவும் உதவியது. செத்த புழுவோடு சேர்ந்து அழுகும் தொட்டிகளின் நாற்றம் ஊரையே தொல்லைப்படுத்தியது. ஆங்கிலேயர் இந்த வழிக்குப் போகவில்லை. சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை முழுவதையும் எடுத்தார்கள். நூல் வெளுப்பாகவும் பளபளப்பாகவும் வந்தது, ஆனால் எடையில் கணிசமாக இழந்தது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் கால்கேட் என்ற சிற்றூரில் 1792இல் தொடங்கிய ஆலை கழிவுப் பட்டை இயந்திரத்தில் நூற்ற முன்னோடிகளில் ஒன்று. அது 1971 வரை ஓடியது. தொடக்கத்தில் அந்த நாட்டு ஆலைகளிடம் பருத்தி நூற்கும் கருவிதான் இருந்தது. அதனால் நீளமான பட்டு இழையை ஒன்று அல்லது இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் பஞ்சைப்போல் ஆக்கி நூற்றார்கள். நீளமே சிறப்பாக உள்ள ஒரு இழையைக் கருவிக்காகக் குட்டையாக்குவது எவ்வளவு விபரீதம் என்பது 1830களில்தான் உறைத்தது. சணல்நார் நூற்கும் இயந்திரத்தின் அமைப்பைத் தழுவி நீள இழையை அப்படியே நூற்கும் முறை அப்போது வந்தது. ஆனாலும் சிக்கெடுக்கும் வேலை பெரும்பாலும் கையிலேயே நின்றது. தடையாக இருந்ததும் அதுதான்.

அந்தத் தடையை உடைத்தவர் யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர். கம்பளி சீவும் இயந்திரத்தால் ஏற்கெனவே பெரும் பணம் சம்பாதித்தவர். 1850களின் நடுவில் லண்டன் கிடங்கு ஒன்றில் யாரும் தொடாமல் கிடந்த சாசம் குவியலைப் பார்க்க அவரை அழைத்தார்கள். பிசின் ஒட்டி, புழுவின் தோலும் குச்சியும் இலைத்தூளும் கலந்த அந்தச் சரக்கை ராத்தல் அரைப் பென்னி விலையில் அவர் வாங்கினார். வாங்கியது எளிது. அதைச் சீவக்கூடிய இயந்திரத்துக்குக் கிட்டத்தட்ட பத்தாண்டுகள் பிடித்தன. தொழிலில் உடனிருந்த கூட்டாளி விலகிக்கொண்டார். இரண்டரை லட்சம் பவுனுக்கு மேல் இதில் கரைந்தது என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. கையில் கம்பளிப் பணம் இல்லாத எவரும் இதைத் தாங்கியிருக்க முடியாது. தனி மனிதரின் விடாமுயற்சி என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காலமும் அவருக்கு உதவியது. 1850களில் பெப்ரைன் என்ற நோய் பிரான்சிலும் இத்தாலியிலும் புழு வளர்ப்பைச் சீரழித்தது. லூயி பாஸ்டர் 1865இல் அதை ஆராயத் தெற்குப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். கச்சாப் பட்டின் விலை ஏறியிருந்த அந்த நேரத்தில், கழிவிலிருந்து பாதி விலையில் பட்டு நூல் தரக்கூடியவருக்கு வாடிக்கையாளர் காத்திருந்தார்கள். லிஸ்டரின் மானிங்ஹாம் ஆலை 1871இல் எரிந்துபோக, 249 அடி உயரப் புகைபோக்கியோடு பிரம்மாண்டமாக மீண்டும் எழுந்தது. சீனம், ஜப்பான், இத்தாலி, வங்காளம் என்று எல்லாத் திசையிலிருந்தும் கழிவு மூட்டைகள் பிராட்ஃபோர்டுக்கு வந்தன. வெல்வெட்டும், பிளஷ் என்ற நீண்ட மயிர்ப்பரப்புத் துணியும், தையல் நூலும், குடைத் துணியும், கோட்டுக்கான உள்துணியும் அங்கிருந்து போயின. இந்தியத் தசர்ப் பட்டை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்த சாயத் தொழில் நிபுணர் தாமஸ் வார்டில் 1878 பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டி வியக்கவைத்தார். அந்தத் தசரின் கழிவு நூல், கடல்நாயின் ரோமத் தோலைப்போன்ற கனத்த பிளஷ் துணியாகிச் சீமாட்டிகளின் குளிர்கால மேலங்கியானது. சோட்டாநாக்பூர் காடுகளில் பழங்குடியினர் பொறுக்கிய கூடு அப்படி ஒரு வேஷத்தில் லண்டன் தெருக்களில் நடந்தது.

ஆலைக்குள் வேலை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அடிப்படை முறை இன்றும் மாறவில்லை. வந்த மூட்டையை முதலில் தரம் பிரிப்பார்கள். பிறகு சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் பசை நீக்கல். மஞ்சளும் பழுப்புமாக விறைத்துக் கிடந்த பொதி வெளுத்து மெத்தென்று ஆகிவிடும், எடையில் நான்கில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். அலசிக் காயவைத்ததைப் பெரிய உருளையொன்றில் கொடுப்பார்கள். உருளையின் முகத்தில் நீளவாட்டில் வரிசை வரிசையாக எஃகுப் பற்கள். சுழலச் சுழல இழைகள் பற்களில் மாட்டிக்கொண்டு உருளையைச் சுற்றிப் படியும். இயந்திரத்தை நிறுத்தி, பல்வரிசைகளுக்கு இடையே கத்தரித்தால் ஒரே அகல விரிப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு விரிப்பையும் ஒரு கோலில் மடித்து, இரண்டு பலகைகளுக்கு இடையே வைத்து இறுக்கினால், இழைகளின் நுனிகள் மட்டும் குஞ்சம்போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகைகளை வரிசையாக அடுக்கிய படுக்கையின்மேல் சீப்புகள் நகர்ந்து குஞ்சத்தை வாரும். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பி வைத்து மறுபக்கம்.

பலகையில் தங்கியது முதல் தரம், நீளமான இழை. சீப்போடு வந்ததை மறுபடி இதே வழியில் விட்டால் இரண்டாம் தரம், பிறகு மூன்றாம் தரம். அதற்கும் பிறகு மிஞ்சுவது முடிச்சும் தூளும் கலந்த குட்டை இழை. கோயம்புத்தூர் பஞ்சாலைகளில் சீப்புக் கழிவைச் சொல்லும் நாய்ல்ஸ் என்ற பெயர்தான் இதற்கும். நீள இழைகளைப் பட்டையாக்கி, இழுத்து, முறுக்கி நூற்றபின், நூலை வாயுச் சுடருக்குள் மின்னல் வேகத்தில் ஓடவிடுவார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்கள் கருகிவிடும், நூல் பட்டுக்குரிய மினுமினுப்பைப் பெறும். வேகம் கொஞ்சம் குறைந்தால் நூலே கருகும்.

லிஸ்டருக்கு 1891இல் மாஷம் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு அவரது ஆலை வாசலில் நடந்தது வேறு. 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கவரியைக் கொண்டுவந்ததும் பிளஷ் துணியின் ஏற்றுமதி படுத்தது. நிர்வாகம் அந்தப் பிரிவின் கூலியைக் கடுமையாகக் குறைத்தது. 1890 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் பெரும்பாலும் பெண்களே நின்றார்கள். 19 வாரங்களுக்குப்பின், ஊரில் ராணுவம் இறங்கி, பசி முற்றிய நிலையில் 1891 ஏப்ரலில் அவர்கள் தோற்றுத் திரும்பினர். பிராட்ஃபோர்டில் தொழிலாளர் தனி அரசியல் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குளிர்காலத்தில் உறுதிப்பட்டது. சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1893 ஜனவரியில் அந்த ஊரில்தான் பிறந்தது. கழிவுப் பட்டின் வரலாறு பிரிட்டிஷ் அரசியல் வரலாற்றைத் தொட்ட இடம் இது.

ஜப்பானின் மெய்ஜி அரசு கணக்கை வேறு பக்கமிருந்து பார்த்தது. தன் நாட்டுக் கழிவுப் பட்டு மலிவாக ஐரோப்பாவுக்குப் போய்த் துணியாக மதிப்பேறுவது அதற்கு உறுத்தியது. 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குச் சென்ற சசாகி நாகாத்சு, ஐரோப்பாவில் கழிவுப் பட்டு நூற்கும் முறையைக் கற்றுவந்தார். அதன் பலனாகக் குன்மா மாவட்டத்தின் ஷின்மாச்சியில் 1877இல் அரசு ஆலை எழுந்தது. அதே மாவட்டத்தின் தோமியோகாவில் 1872இல் திறந்த புகழ்பெற்ற நூற்பகம் பிரெஞ்சு நிபுணர்களின் மேற்பார்வையில் கட்டப்பட்டது. ஷின்மாச்சியின் மரக் கட்டடத்தை எழுப்பியவர்கள் ஜப்பானியத் தச்சர்களே, இயந்திரங்கள் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1887இல் ஆலை மிட்சுயி குடும்பத்தின் கைக்குப் போனது, பின்னாளில் கானேபோ நிறுவனத்தோடு சேர்ந்தது. தோமியோகாவுக்கு உலக மரபுச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. பொருளாதாரக் கோணத்தில் பார்த்தால் ஷின்மாச்சியின் யோசனை அதற்குக் குறைந்ததல்ல.

மைசூர் சமஸ்தானம் இதே முடிவுக்கு வர மேலும் அறுபது ஆண்டுகளாயின. திப்பு சுல்தான் காலத்தில் வங்காளத்திலிருந்து புழு கொண்டுவந்து தொடங்கிய பட்டு வளர்ப்பு, 20ஆம் நூற்றாண்டில் ராமநகரம், சன்னபட்டணம், கொள்ளேகால் வட்டாரங்களில் பெருந்தொழிலாகியிருந்தது. வீட்டுத் திண்ணைச் சர்க்காக்களில் கழிவு அதிகம், அது வியாபாரிகள் மூலம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரப் பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணத்தில் 1930களில் மைசூர் ஸ்பன் சில்க் மில்ஸ் அமைந்தபின் அதில் ஒரு பகுதி உள்ளூரிலேயே நூலாகத் தொடங்கியது. 1980இல் உருவான கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் கீழ் இந்த ஆலை வந்தது. வடகிழக்கில் அஸ்ஸாமின் ஜாகிரோடு இன்னொரு ஆலைக்கு இடமானது. ஆனாலும் ஓசூர், தருமபுரி, ராமநகரம் பக்கம் சேரும் கழிவு முழுவதையும் இந்திய ஆலைகள் ஒருபோதும் விழுங்கியதில்லை. இங்கிருந்து கழிவு ஏற்றுமதியாவதும், சீனத்தில் கழிவிலிருந்து நூற்ற ஸ்பன் பட்டு நூல் இறக்குமதியாவதும் பக்கத்தில் பக்கத்திலேயே நடந்துவருகின்றன.

போர்கள் இந்தச் சரக்குக்கு எதிர்பாராத கிராக்கியைத் தந்தன. பெரிய பீரங்கிகளுக்கு வெடிமருந்தைப் பையில் கட்டித்தான் திணிப்பார்கள். பை பருத்தியானால், சுட்டபின் குழாய்க்குள் கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு அடுத்த பையைப் பற்றவைத்துவிடக்கூடும். பட்டு கனல் மிஞ்சாமல் எரிந்துபோகும். இதற்கு விலையுயர்ந்த நூல் தேவையில்லை, நாய்ல்ஸ் போதும். முதல் உலகப் போரில் மிகக் கடைசித் தரமான அந்தக் குட்டை இழை பீரங்கித் துணியாக நெய்யப்பட்டது. இரண்டாம் போரில் ஜப்பானியப் பட்டு வருவது நின்றுவிட, அமெரிக்க அரசு 1942 நவம்பரில் பெண்களிடம் பழைய பட்டுக் காலுறைகளைக் கடைகளில் கொண்டுவந்து போடும்படி கேட்டது. அவையும் வெடிமருந்துப் பைகளாயின.

சமாதானம் அதே அளவு இரக்கம் காட்டவில்லை. கழிவுப் பட்டின் பலமே பாதி விலையில் பட்டின் தோற்றம் என்பதுதான். அந்த இடத்தைச் செயற்கை இழை நேராகப் பிடித்துக்கொண்டது. செயற்கைப் பட்டுக்கு வழிகாட்டிய பிரெஞ்சுக்காரர் ஷார்டோனே அந்த ஆராய்ச்சிக்கு வந்ததே பெப்ரைன் நோயால் வந்த பட்டுப் பஞ்சத்தின் பின்னணியில்தான். லிஸ்டரை உயர்த்திய அதே நெருக்கடி, அவரது தொழிலை முடிக்கப்போகும் பொருளையும் பெற்றெடுத்தது. ரேயானும் பிறகு நைலானும் பிளஷ், உள்துணி, தையல் நூல் என்று ஒவ்வொரு சந்தையாக எடுத்துக்கொண்டன. மானிங்ஹாம் ஆலை 1992இல் மூடப்பட்டு, பின்னர் அடுக்குமாடி வீடுகளானது.

இந்தியாவில் துளைக்கூட்டுக்கு ஒரு மறுவாழ்வு அறத்தின் பெயரால் வந்தது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான புழுக்கள் சாகின்றன என்ற உறுத்தல் பழையது. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு உடுத்துவதைக் கைவிடும்படி பக்தர்களிடம் வலியுறுத்தியவர். அவர் மடம் இருந்த ஊரே பட்டுக்குப் பேர்போனது என்பது வேறு விஷயம். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவரது மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டுப் புடவை கிடைக்குமா என்று கேட்டதுதான் தனக்குப் பொறி என்று, அன்றைய ஆந்திர மாநிலக் கைத்தறி நிறுவனத்தில் பணியாற்றிய குசுமா ராஜையா சொல்லியிருக்கிறார். பூச்சி வெளியேறும் வரை பொறுத்திருந்து, துளைக்கூட்டை நூற்று அவர் நெய்யவைத்த துணி அகிம்சைப் பட்டு என்று பெயர் பெற்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மட்காவும் சன்னபட்டணமும் ஏற்கெனவே செய்ததுதான். விலைச் சீட்டு மட்டும் தலைகீழானது: கழிவு என்பதால் மலிவாக இருந்தது, கருணை என்பதால் விலை கூடியது. வெளியே வரும் பூச்சி பறக்கவோ தின்னவோ முடியாமல் சில நாளில் இறக்கிறது, இடும் நூற்றுக்கணக்கான முட்டைகளை யாரும் வளர்ப்பதில்லை என்ற மறுப்பும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இழை எல்லாம் நூலான பிறகும் இரண்டு கழிவுகள் மிஞ்சுகின்றன. ஒன்று பசை. காஞ்சிபுரத்துச் சாயக்காரர் பட்டுக்குச் சாயம் ஏற்றுமுன் பசையிறக்கிக் கொட்டும் தண்ணீரில் செரிசின் கரைந்திருக்கிறது. ஜப்பானின் ஃபுகுயி நகரில் 1889இல் பசை நீக்கும் தொழிலில் தொடங்கிய செய்ரென் நிறுவனம், நூறாண்டுகளாக வடிகாலுக்குப் போன அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து முகப்பூச்சுகளில் சேர்த்தது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் அதன் குணத்துக்காகப் பாலியெஸ்டர், பருத்தித் துணிகளின்மேல் பூசிப் பார்க்கும் ஆய்வுகளும் நடந்துள்ளன. கழிவுநீரில் அது மிகவும் நீர்த்துக் கிடப்பதால் பிரிக்கும் செலவு அதிகம். சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது.

மற்றொன்று கூட்டுப்புழு. பச்சைக் கூட்டின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். எண்ணெய் பிழிந்து சோப்புக்கும், பிண்ணாக்கைக் கோழி, மீன் தீவனத்துக்கும் கொடுப்பது பழக்கத்தில் உள்ளது. கொரியாவில் வேகவைத்துத் தெருவில் விற்கிறார்கள். புழுவின் தோலில் இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின் இருக்கிறது. அதைக் கைட்டோசனாக மாற்றிப் பருத்தித் துணியில் ஏற்றினால் சாயம் நன்றாகப் பிடிக்கிறது, கிருமி வளர்வதும் குறைகிறது. ஆய்வகத்தில் நிரூபணமான இந்தப் பயன், இறால் ஓடு மலிவாகக் கிடைக்கும் நாட்டில் வணிகமாவது கடினம். சீனத்தில் புழுவின் எச்சம்கூட வீணாவதில்லை, பச்சை நிறமியான குளோரோஃபில் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து விவசாயி அதைச் சருகோடு சேர்த்து மக்கவைத்து முசுக்கட்டைத் தோட்டத்துக்கே எருவாகப் போடுகிறார்.